மாம்பழம் விற்க முழு வெப்சைட் வேண்டுமா, ஒரே பக்கம் போதுமா?

''3 ஏக்கரில் மாந்தோப்பு வைத்திருக்கிறோம். பெரும்பகுதி மண்டிக்குப் போகிறது. 2 வருடங்களாக இமாம் பசந்த், பங்கனப்பள்ளி பழங்களை மட்டும் 5 கிலோ பெட்டிகளாக வாட்ஸ்அப் மூலம் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்புகிறோம். போன பருவத்தில் 180 பெட்டிகள் போயின. மண்டி விலையைவிடப் பெட்டிக்கு 150 ரூபாய் கூடுதலாக நின்றது. வெப்சைட் செய்து தர 45,000 ரூபாய், பிறகு ஆண்டுக்கு 8,000 ரூபாய் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாம் என்கிறான் மகன். 'லேண்டிங் பேஜ்' என்று ஒரே பக்கம் போதும் என்கிறார் என் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது?''

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்.

நகையை பீரோவிலேயே வையுங்கள், சகோதரி. இந்த ஆண்டுக்கு உங்கள் தம்பி சொல்வதுதான் சரி.

நீங்கள் எழுதிய கணக்கையே பாருங்கள். பெட்டிக்கு 150 ரூபாய் என்றால், 180 பெட்டிக்கு 27,000 ரூபாய். வெப்சைட் செலவை எடுக்கவே 300 பெட்டிகள் விற்க வேண்டும். அடுத்த ஆண்டிலிருந்து 50 பெட்டிக்கு மேல் அந்த 8,000 ரூபாய்க்கே போய்விடும். மாமரமோ ஒரு வருஷம் கொட்டும், மறு வருஷம் கையை விரிக்கும். காய்க்காத வருஷமும் அந்தப் பணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். நகைக்கான வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை.

முழு வெப்சைட் என்பது கடைவீதியில் கடை பிடிப்பது மாதிரி. பல பொருள்கள், தனித்தனிப் பக்கங்கள், பணம் கட்டும் வசதி, இருப்புக் கணக்கு எல்லாம் இருக்கும். அதைத் தினமும் ஒருவர் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். லேண்டிங் பேஜ், சந்தை நாளில் சாக்கை விரித்து ஒரே சரக்கை விற்பது மாதிரி. உங்களிடம் இருப்பது ஒரே சரக்கு, இரண்டு மூன்று மாதப் பருவம். வருகிறவர் செய்ய வேண்டிய வேலையும் ஒன்றுதான்: பெட்டிக்குச் சொல்லி வைப்பது. அதற்கு ஒரு பக்கம் தாராளம். கணினி தெரிந்த உங்கள் மகனே கூகுள் சைட்ஸ் போன்ற இலவச வசதியில் ஓரிரு நாளில் செய்துவிடலாம்.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். என்ன ரகம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை கிடைக்கும், பெட்டியில் எத்தனை கிலோ, பார்சல் கட்டணம் சேர்த்து என்ன விலை, எந்தெந்த ஊருக்கு அனுப்புவீர்கள் என்பதெல்லாம் மேலேயே தெரிய வேண்டும். 'விலைக்கு அழைக்கவும்' என்று போட்டால் பாதிப் பேர் அழைக்கவே மாட்டார்கள். வாட்ஸ்அப் பட்டன் பெரிதாக இருக்கட்டும்.

அடுத்தது, நகரத்து ஆள்களின் பயம். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஆனாலும் பழம் வாங்கும்போது அந்தச் சந்தேகம் எல்லோருக்கும் வருகிறது. நீங்கள் முற்றிய காயைப் பறித்து வைக்கோலில் பழுக்க வைப்பவர் என்றால், செல்போனிலேயே ஒரு நிமிட வீடியோ எடுத்துப் போடுங்கள். இணையத்திலிருந்து எடுத்த பளபளப்பான படம் வேண்டாம். உங்கள் தோப்பு, உங்கள் பெட்டி, உங்கள் கை தெரிந்தால் போதும். படங்களின் அளவைக் குறைத்து ஏற்றுங்கள். பக்கம் திறக்கத் தாமதமானால் ஆள் போய்விடுவார்.

வழியில் பழம் நசுங்கினால் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். 'பெட்டி வந்த அன்றே படம் அனுப்பினால், கெட்ட பழத்துக்கு உரிய பணம் திரும்பத் தரப்படும்' என்று ஒரு வரி போதும். எழுதியபடி கொடுத்தும்விட வேண்டும். முன்பின் தெரியாத தோப்புக்கு முன்பணம் அனுப்ப அந்த ஒரு வரிதான் தைரியம் கொடுக்கும்.

பருவம் முடிந்ததும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். 'அடுத்த பருவத்தில் தகவல் வேண்டுவோர் எண்ணைப் பதிவு செய்யவும்' என்று மாற்றிவிடுங்கள். அந்த எண்களை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். போன் தொலைந்தாலும் வாடிக்கையாளர் தொலையக் கூடாது. பெட்டியின் மேல் ஒட்டும் தாளில் பக்கத்தின் கியூ.ஆர் கோடு இருக்கட்டும். பழம் தின்ற பக்கத்து வீட்டுக்காரர்தான் உங்கள் அடுத்த வாடிக்கையாளர்.

ஒற்றைப் பக்கத்துக்குக் குறையும் உண்டு. கூகுளில் தேடுபவர் கண்ணில் அது எளிதில் படாது. அதைக் கொஞ்சம் ஈடுகட்ட, கூகுள் மேப்பில் தோட்டத்தின் பெயரைப் பதிவு செய்யுங்கள், இலவசம்தான். நாளை ஊறுகாய், மாங்காய் வற்றல், அக்கம்பக்கத்தார் விளைபொருள் என்று ஆண்டு முழுக்க விற்கும் நிலை வந்தால், அப்போது உங்கள் மகன் சொல்லும் வெப்சைட்டுக்குப் போகலாம். ஊறுகாய், வற்றலுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும்.

இன்று செய்தாலும், பிறகு செய்தாலும், இணைய முகவரியை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். எனக்குத் தெரிந்த எண்ணெய்ச் செக்குக்காரர் ஒருவர், வடிவமைத்தவர் பெயரிலேயே பதிவு செய்யவிட்டார். 2 வருடம் கழித்துத் தகராறு வந்தது. பாட்டில்களில் எல்லாம் அச்சடித்த முகவரி இப்போது அவர் கையில் இல்லை.