வாடகைத் தோட்டத்தில் ஆஸ்பெஸ்டாஸ்: அகற்றும் செலவு யார் தலையில்?

பிரிட்டனில் உள்ளாட்சி கவுன்சில்கள் காய்கறி பயிரிட சிறு நிலத்துண்டுகளை வாடகைக்கு விடுகின்றன. பெயர் ‘அலாட்மென்ட்’. அங்கே மண்ணைக் கிளறும்போது சில நேரம் கையில் கிடைப்பது ஆஸ்பெஸ்டாஸ் துண்டு!

எப்படி வந்தது?
அந்தக் காலத்தில் ஷெட் கூரை, பாத்தி ஓரத் தடுப்பு என எல்லாத்துக்கும் இந்த ஷீட்தான். நீலம், பழுப்பு வகைகளுக்கு 1985-ல் தடை, வெள்ளைக்கு 1999-ல். ஆனால் ஏற்கெனவே போட்டது அப்படியே கிடக்கிறது.

ஆபத்து என்ன?
சிமென்ட் ஷீட் உடையாமல் இருந்தால் ஆபத்து குறைவு. உடைத்தால், அறுத்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் நுரையீரலுக்குள் போகும். மீசோதெலியோமா புற்றுநோய் வெளியே தெரிய 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஆகலாம். அதனால்தான் ‘எனக்கு ஒண்ணும் ஆகலையே’ என்ற அலட்சியம் வருகிறது.

கிடைத்தால் என்ன செய்யணும்?
* தோண்டுவதை உடனே நிறுத்தணும்.
* துண்டை உடைக்கவோ எரிக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து மூடி வைக்கலாம்.
* போட்டோ எடுத்து, கவுன்சிலுக்கு எழுத்துப்பூர்வமாகச் சொல்லணும்.
* இது அபாயகரக் கழிவு. வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.

செலவு யாருக்கு?
சிக்கலே இங்கதான். முன்பு இருந்தவர் போட்டதை இப்போதைய வாடகைதாரரே அகற்றணும் என்று கவுன்சில் சொல்லலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கு என்பதே முக்கியம். எனவே கையெழுத்துக்கு முன்பே நிலத்தைச் சுற்றிப் பார்த்து, போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

செலவுக்குப் பயந்து திரும்பப் புதைத்தால்? அடுத்து வருபவரின் மண்வெட்டியில் அது மறுபடி உடையும்.