பழி நிறத்தின்மீதா?

"கறுத்த முகம் படத்தில் எடுபடாது!" எங்கள் எருத்தேன்பதியில் திருமணமானாலும் திருவிழாவானாலும் காமிராவைத் தூக்கியவர் வாயில் முதலில் வரும் சொல் இதுதான். உடனே முகத்தில் பவுடர் ஏறும். இன்றோ கைப்பேசியே முகத்தை வெளுத்துக் கொடுத்துவிடுகிறது. அறிவியல் பயிலும் நான் கேட்கிறேன்: குற்றம் தோலிலா, வெளிச்சத்திலா?

கதிரவன் நிற்கும் இடத்தைப் பாருங்கள். எங்கள் பகுதியில் ஆண்டுதோறும் ஏப்ரல் 18, ஆகஸ்டு 25 ஆகிய நாட்களையொட்டி, உச்சிவேளையில் அவன் தலைக்கு நேர்மேலே வருகிறான். நெற்றி பளபளக்கும், கண்குழிகளில் இருள் கவியும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். எந்த நிறத்தவரை நிறுத்தினாலும் இதே கதிதான்!

காமிராவின் கணக்கையும் பாருங்கள். அதன் ஒளிமானி, எதிரே உள்ளதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டு அளக்கிறது. வெள்ளை வேட்டியும் வெண்சுவரும் படத்தை நிறைத்தால், வெளிச்சம் மிகுதி என்று எண்ணி ஒளியைக் குறைக்கிறது. முகம் கரியாகிறது. பழியோ நிறத்தின்மீது!

அளவுகோலே ஒருபக்கம் சாய்ந்திருந்ததும் உண்டு. வண்ணப்படங்களின் நிறத்தைச் சரிபார்க்க அமெரிக்கக் கோடக் நிறுவனம் பல்லாண்டு வழங்கிய 'ஷெர்லி' அட்டைகளில் இருந்தது வெள்ளைப் பெண்ணின் முகமன்றோ? ஆனால், மாலி நாட்டின் பமாகோ நகரில் 1948-இல் நிலையம் தொடங்கிய செய்து கெய்த்தா, முற்றத்துப் பகல் வெளிச்சத்தில், பூப்போட்ட துணியைப் பின்னே தொங்கவிட்டுத் தம் மக்களைப் படமெடுத்தார். அந்தக் கறுத்த முகங்களில் கம்பீரம் குறைந்ததா? இல்லை!

தோழர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உச்சிவெயிலில் யாரையும் நிறுத்தாதீர்கள். காலை இளவெயில் நல்லது. திண்ணை நிழலும் நல்லது. முகம் திறந்த வானத்தைப் பார்க்கட்டும். பக்கவாட்டில் வரும் மென்னொளி கறுத்த தோலின் மினுமினுப்பைக் காட்டும். பவுடர் அதை மறைக்கும். ஒரு கன்னம் இருண்டால், வெள்ளை வேட்டியை இருவர் விரித்துப் பிடித்து ஒளியைத் திருப்புங்கள். வெளிச்சத்தை முகத்தில் அளந்துகொள்ளுங்கள். தலையில் பனைமரம் முளைத்தாற்போல் நிறுத்தாதீர்கள். பாட்டி உட்கார்ந்திருந்தால் நீங்களும் அவர் கண்மட்டத்துக்கு இறங்குங்கள்.

சிறிய காரியம் என்று எண்ணவேண்டாம். களத்துமேட்டில் உழைத்த பாட்டிக்கு வாழ்நாளில் நல்ல படம் ஒன்றே இருக்கலாம். பின்னாளில் மாலையோடு சுவரில் தொங்குவதும் அதுவே. வெளுத்துப்போன அம்முகத்தைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள், "இது யார்?" என்று கேட்கலாமா?