கட்டளையிடுபவரே பேச வரட்டும்

தென் கொரிய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட் 24 அன்று தொழிற்சங்கச் சட்டத்தின் 2, 3 பிரிவுகளைத் திருத்தியது. ‘மஞ்சள் உறைச் சட்டம்’ என்று வழங்கும் இத்திருத்தத்துக்கு 2026 மார்ச் 10 நடைமுறை நாளாகக் குறிக்கப்பட்டது. நேரடி ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலை நிலைமைகளை உண்மையில் தீர்மானிக்கும் நிறுவனம் அந்த அளவுக்கு வேலையளிப்பவரே. வேலைநிறுத்தத்துக்காகத் தொழிலாளர்மீது போடும் நஷ்டஈட்டுக்கும் இனி வரம்பு உண்டு. முதன்மை வேலையளிப்பவர் யார் என்று அன்றாடம் மல்லுக்கட்டும் நம் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 1987-ல் வந்த ஜனநாயகம் ஆலைக்குள் எதுவரை போனது என்ற கேள்விக்குக் காலந்தாழ்ந்து வந்த பதிலாகவே இதை வரவேற்கிறோம்.

1987 வரை அரசு பெருங்குழுமங்களுக்குக் கடன் ஒதுக்கியது, கூலியை அடக்கியது. சேபோல் எனப்படும் அக்குழுமங்கள் வளர்ந்தன. அவ்வாண்டு ஜூன் ஜனநாயகக் கிளர்ச்சியை அடுத்த வேலைநிறுத்த அலையில் கூலி ஏறியது. 1990-களின் தொடக்கம் வரை ஏற்றத்தாழ்வும் குறைந்தது. ஆனால் சங்கங்கள் நிறுவனவாரியாகவே அமைந்ததால் பேரம் ஆலை மதிலோடு நின்றது. குழுமங்கள் வேலையைத் துணை ஒப்பந்தங்களுக்குத் தள்ளின. 1998-ல், ஐஎம்எஃப் நெருக்கடியின் நடுவே, முத்தரப்பு உடன்பாட்டின் பெயரால் ஆட்குறைப்பும் ஆள்வழங்கு முறையும் சட்டமாயின. 2023 கணக்கில் 300 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களில் சுமார் 37 சதவீதம் பேர் சங்கத்தில் இருந்தார்கள். 30 பேருக்குக் குறைந்த இடங்களில் 0.1 சதவீதம். வளர்ச்சியில் யாருக்குப் பங்கு என்பதை இந்த இடைவெளியே சொல்லிவிடுகிறது.

முதலீடு வெளியேறும் என்கின்றன அங்குள்ள அமெரிக்க, ஐரோப்பிய வர்த்தக சபைகள். கூலி மலிவுக்காக மட்டுமே நிற்கும் முதலீடு கொரியாவை விட்டு எப்போதோ போய்விட்டது. நூற்றுக்கணக்கான துணை ஒப்பந்தத் தொழிலாளர் சங்கங்களோடு ஆண்டு முழுவதும் பேசிக்கொண்டிருக்க முடியுமா என்பது இன்னும் கனமான ஆட்சேபம். ஆனால் முதன்மை நிறுவனம் தன் கட்டுப்பாட்டில் உள்ளதைப் பற்றி மட்டுமே பேசும் கடமை இது. பேரத்தை ஒருமுகப்படுத்தும் விதி 2011 முதல் உண்டு, அதைத் துணை ஒப்பந்தங்களுக்கும் பொருந்தச் செய்யலாம். கருத்தும் புதிதல்ல. சங்கத்தை ஒடுக்கும் செயலுக்கு முதன்மை நிறுவனமும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் ஹூண்டாய் ஹெவி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2010-லேயே சொல்லிவிட்டது.

இந்த இதழ் விடாமல் பேசிவரும் நஷ்டஈட்டு வழக்குக்கு வருவோம். 2022-ல் கோஜே தீவின் தேவூ கப்பல் தளத்தில், மந்தகாலத்தில் வெட்டிய 30 சதவீதக் கூலியைக் கேட்டுத் துணை ஒப்பந்தத் தொழிலாளர்கள் 51 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒருவர் கப்பலுக்குள் ஏறக்குறைய ஒரு கனமீட்டர் இரும்புக் கூண்டில் தன்னை வைத்து, அதை வெல்டிங் செய்து அடைத்துக்கொண்டார். கிடைத்தது 4.5 சதவீத உயர்வு. கூலி பேச ‘நான் உன் முதலாளி இல்லை’ என்ற நிறுவனம், சங்கப் பொறுப்பாளர்கள் ஐவர்மீது 4,700 கோடி வொன் கேட்டு வழக்குப் போட்டது. பேச மட்டும் உறவில்லை, வசூலிக்க உறவு உண்டு! குழுமத் தலைவர்களுக்கோ வேறு நீதி: மூன்றாண்டுச் சிறை, ஐந்தாண்டு நிறுத்திவைப்பு, பிறகு மன்னிப்பு. 2008-ல் ஹூண்டாயின் சுங் மோங்-கூ, 2009-ல் சாம்சங்கின் லீ குன்-ஹீ. சிறை சென்ற அவர் மகன் லீ ஜே-யோங்குக்கும் 2022-ல் மன்னிப்பு கிடைத்தது. இவர்களில் கடைசியானவரை மன்னித்த அன்றைய அதிபர் யூன் சுக்-யோல்தான் இத்திருத்தத்தை 2023-லும் 2024-லும் திருப்பி அனுப்பினார். ஆட்சிகள் மாறின, யாரிடம் கனிவு, யாரிடம் கறார் என்பது மாறவில்லை.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்டு ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024-ல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அவர்கள் நிரந்தரத் தொழிலாளர்கள். ஒப்பந்தத் தொழிலாளர் நிலை இன்னும் கீழே. 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் அதன் இடத்துக்கு வந்த சட்டத் தொகுப்பும், ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரைக் கொடுக்க வைக்கின்றன. அந்தக் கூலியைப் பேசி முடிவுசெய்ய அவரை அழைப்பதில்லை. கொரியத் திருத்தத்தின் ஒரு வாசகத்தையேனும் நம் சட்டத்தில் சேர்க்கக் கேட்போம்: நிலைமையைத் தீர்மானிப்பவர் பேரத்துக்கு வரக் கடமைப்பட்டவர்.