எதிரெதிரே இரண்டு வண்டிகள்... ஒரு மைனஸ் குறி சொல்லும் சேதி!

சிவகாசி - சாத்தூர் சாலையில் காலை நேரத்தில் ஒரு பக்கம் பட்டாசு ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன்கள், எதிர்ப்பக்கம் சரக்கு லாரிகள். நடுவில் தடுப்பு இல்லாத இடங்களில் இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு வெள்ளைக்கோடு மட்டும்தான். அங்கே ஓர் இயற்பியல் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதன் பெயர் உந்தம். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம் கிடைக்கும். திசையும் இதில் முக்கியம். ஒரு பக்கம் போகும் வண்டிக்கு பிளஸ் என்றால், எதிரே வருவதற்கு மைனஸ். பல மாணவர்கள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது இங்கேதான்.

12,000 கிலோ லாரி, மணிக்கு 36 கி.மீ. அதாவது நொடிக்கு 10 மீட்டர். உந்தம் 1,20,000. எதிரே 1,200 கிலோ கார், மணிக்கு 72 கி.மீ. அதாவது நொடிக்கு 20 மீட்டர். உந்தம் மைனஸ் 24,000. மொத்தம் 96,000 கிலோகிராம் மீட்டர்/நொடி, லாரி போகும் திசையில்.

இரண்டும் மோதி ஒட்டிக்கொண்டால்? மோதும் கணத்தில் மொத்த உந்தம் மாறாது. 96,000-ஐ மொத்த நிறையான 13,200-ஆல் வகுத்தால் நொடிக்குச் சுமார் 7.3 மீட்டர். லாரியின் வேகம் மணிக்கு 10 கி.மீ. மட்டுமே குறைகிறது. காரோ, முன்னோக்கி வந்த 72 கி.மீ. வேகத்தை இழந்து, 26 கி.மீ. வேகத்தில் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. மொத்த மாற்றம் 98 கி.மீ! இரண்டும் பரிமாறிக்கொண்ட உந்தம் சமம்தான். ஆனால், பத்து மடங்கு அடி வாங்குவது சின்ன வண்டி. டூவீலர் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

சரி, ஒரே எடையுள்ள இரண்டு பஸ்கள் ஒரே வேகத்தில் எதிரெதிரே வந்தால்? மொத்த உந்தம் பூஜ்யம். அதனால் ஆபத்தும் பூஜ்யம் ஆகிவிடுமா? சிவகாசிப் பிள்ளைகளுக்கு இதற்கு பதில் தெரியும். திரி கொளுத்தி வைத்த அணுகுண்டு வெடிக்கும் முன் அசையாமல் இருக்கிறது, உந்தம் பூஜ்யம். வெடித்த கணத்தில் நாலாபுறமும் சிதறும் துண்டுகளின் உந்தத்தோடு தரை வாங்கும் உதையையும் திசை பார்த்துக் கூட்டினால், அப்போதும் பூஜ்யம்தான். அதற்காகக் கையில் வைத்து வெடிப்பார்களா?

உந்தம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இயக்க ஆற்றல் அப்படிக் கழியாது. ஒவ்வொன்றும் 10,000 கிலோ உள்ள அந்த பஸ்கள் 72 கி.மீ. வேகத்தில் மோதினால், 40 லட்சம் ஜூல் ஆற்றல் தகரத்தை நசுக்குவதிலும் உடல்களைக் காயப்படுத்துவதிலும்தான் தீரும்.

விருதுநகர், சாத்தூர் வழியாகச் செல்லும் மதுரை - கன்னியாகுமரி நான்குவழிச் சாலையின் நடுவே தடுப்பு இருப்பது இதற்காகத்தான். தடுப்பு இல்லாத சாலையில் ஓவர்டேக் செய்கிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இரு வண்டிகளும் 72 கி.மீ. வேகத்தில் வந்தால் இடைவெளி நொடிக்கு 40 மீட்டர் குறையும். 200 மீட்டர் தூரத்தில் தெரியும் லாரி முகத்துக்கு நேரே வந்து நிற்க ஐந்தே நொடி!