வாழும் மண்ணை நடந்து பார்ப்போம்!

நம் சங்க அன்பர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மும்பைக்கு வந்து முப்பது, நாற்பது வருடங்கள் ஆகிவிட்டனவே, இந்த மகாராஷ்டிரத்தில் எதையெல்லாம் பார்த்திருக்கிறீர்கள்?" ஷீரடி, நாசிக், பண்டரிபுரம் என்று பதில் வரும். அதுவும் வேனில் போய் வேனில் திரும்பியதாக இருக்கும். விடுமுறை என்றால் ஊர். ஊர் என்றால் கல்யாணம், குலதெய்வம், வீட்டு வரி. நானும் விதிவிலக்கல்ல. ரயில்வே பாலங்கள் பிரிவில் 36 ஆண்டுகள் பணியாற்றியும், என் மனைவிக்கு நான் வேலை பார்த்த கொங்கணக் கரையைக் காட்டியதே இல்லை.

அந்தக் குறை தீர, தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் பயணம் புறப்பட்டோம். "இந்த வயசில் கூடாரமா?" என்று மகன் தடுத்தான்; கடைசியில் கூடாரத்தைக் கொடுத்ததும் அவன்தான். மாண்காவ் வரை கொங்கண் ரயில், அங்கிருந்து எஸ்.டி. பஸ். திவேஆகர் கடற்கரை சுமார் 4 கி.மீ. நீளம். ஒருபுறம் சவுக்குத் தோப்பு, மறுபுறம் அரபிக் கடல். முழங்கால் வலித்தால் உட்கார்ந்தோம், வலி தணிந்ததும் நடந்தோம்.

அன்றிரவு ஒரு பாக்குத் தோப்பில், உரியவரிடம் அனுமதி பெற்றுக் கூடாரம் அடித்தோம். 2020 ஜூன் 3-ஆம் தேதி வீசிய நிசர்கா புயலில் அவருடைய மரங்களில் பெரும்பாலானவை சாய்ந்துவிட்டனவாம். பாக்குக் கன்று நட்டால் காய்க்க ஐந்தாறு வருடங்களாவது ஆகும். அதுவரை குடும்பத்தை எப்படித் தள்ளினோம் என்று அந்த வீட்டம்மா சொல்லச் சொல்ல, என் மனைவி கண் கலங்கினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. அலுவலகத்தில் எனக்கு ஆங்கிலமும் இந்தியும் போதுமாயிருந்தன. குழாயடியிலும் காய்கறிச் சந்தையிலும் மராத்தி கற்றவள் அவள்.

மறுநாள் சேகாடி வழியாக, கடலை ஒட்டிய சாலையில் நடையும் பஸ்ஸுமாக ஸ்ரீவர்த்தன் சேர்ந்தோம். மூன்றாம் நாள் ஹரிஹரேஷ்வர். அங்கே பாறைப் பிளவில் படியிறங்கி, கடலோரப் பாறைகள் மீது நடந்து குன்றை வலம் வருவது வழக்கம். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் மட்டுமே அது முடியும். அலை இழுத்து உயிரிழந்தவர்கள் உண்டு.

முதல் பஸ்ஸைத் தவறவிட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 9. கடல் முழுக்க வற்றியது காலை 6.30 மணிக்கு, ஏற்றம் உச்சத்துக்கு வருவது பகல் 12.45 மணிக்கு. "இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறது. சுற்றிவர ஒரு மணி நேரம் போதும்" என்று கணக்குப் போட்டேன். கோகம் சர்பத் விற்ற மூதாட்டி என் மனைவியிடம் ஏதோ சொன்னார்.

"என்னங்க, இன்னிக்குப் பௌர்ணமி, தண்ணி வேகமா ஏறிடும், போகாதீங்கன்னு இந்தம்மா சொல்றாங்க."

"பாலம் கட்டினவனுக்குத் தண்ணி தெரியாதா?" என்று சினந்தேன். அவள் பேசாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளை விட்டுப் போக மனமில்லாமல் நானும் உட்கார்ந்தேன். பத்து மணிக்குள், நாங்கள் நடந்துகொண்டிருந்திருக்க வேண்டிய பாறை மீது அலை புரண்டது.

என் பிழை எளியது. கடல் ஒரே சீராக ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தில் நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதி உயரம் ஏறிவிடும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றம் இன்னும் அதிகம். நாங்கள் போனது சரியாக அந்த நடு நேரத்தில். நானோ சமமாக வகுத்துவிட்டேன். பாலத் தூணில் அபாய மட்டத்துக்குக் கோடு போட்டு வைப்போம். அந்தப் பாறைக்கு அந்த மூதாட்டிதான் கோடு. அதைப் படிக்கத் தெரிந்தவள் என் மனைவி.

தமிழைக் காக்கச் சங்கம் வைத்திருக்கிறோம், வைக்கத்தான் வேண்டும். ஆனால் நமக்குச் சோறு போடும் மண்ணின் மொழியை, முக்கியமாக என் போன்ற ஆண்கள், பேரம் பேசும் அளவுக்குக்கூடக் கற்கவில்லை. அடுத்த ஆண்டுச் சுற்றுலாவில் ஒரு நாளாவது வேன் நிற்கட்டும், தம்பதிகள் நடக்கட்டும். அதற்கு முன், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சங்கக் கூடத்தில் மராத்தி வகுப்பு நடக்கட்டும். ஆசிரியருக்காக அலைய வேண்டாம்; நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.