குரலுக்கு ஒரு பெயர், அங்கத்துக்கு ஒரு பெயர்

உறுமியை வாசிப்பவர் ஒருவர்தான்; ஆனால் அதில் கேட்பது இரண்டு குரல். வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்த்து இழுக்கும்போது எழும் முனகல் ஒன்று, மறுபக்கத்தில் மெல்லிய குச்சி போடும் அடி இன்னொன்று. பக்கத்திலேயே தவில்: வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள், தொப்பியில் கழி. கூடவே பம்பையும் கைத்தாளமும். ஹாபு, சுங்கை பாலாஸ், ரிங்லெட் என்று கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் ஒரு கோயில் திருவிழா மேளத்தை ஏபிசி, லிலிபாண்ட் போன்ற கணினி இசைக்குறி முறைகளில் தட்டச்சு செய்ய உட்காருபவர், முதல் ஆவர்த்தனத்திலேயே ஐந்தாறு குரல்களைச் சமாளித்தாக வேண்டும். அவற்றை ஆவர்த்தனம் ஆவர்த்தனமாக ஒன்றின் கீழ் ஒன்றாகப் பின்னிக்கொண்டே போவதா, ஒவ்வொரு குரலையும் தொடக்கம் முதல் முடிவு வரை தனியாக எழுதிப் பிறகு சேர்ப்பதா? தனியாக, அதன் சொந்தப் பெயரில் எழுதுவதே சரி என்பது நம் முடிவு.

பின்னி எழுதும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. ஸ்வரம் மேலே, சாகித்தியம் கீழே என்ற முறை நம் கையில் ஊறியது. சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904இல் எட்டயபுரத்தில் அச்சேறியபோது கமகங்களுக்குக்கூடத் தனிக் குறிகள் கிடைத்தன. ஆனால் அது ஒற்றைக் குரலுக்கான எழுத்து. மேளம் அப்படியல்ல. மேலும் கணினியில் தமிழெழுத்துக்கு ஒரே அகலம் கிடையாது. ‘தொம்’ பிடிக்கும் இடத்தில் ‘தி’ இரண்டு அடங்கும். இடைவெளி விட்டு நேராக்கிய சொற்கட்டு, வாட்சப்பில் இன்னொருவர் கைப்பேசிக்குப் போனதும் குலைந்துவிடுகிறது. கண்ணளவில் நேராக்கியதை நம்பி எண்ணிக்கை வைக்க முடியாது.

லிலிபாண்டில் இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. ஓரிடத்தில் இரண்டு குரல் வந்துவிட்டதே என்று இரட்டைப் பின்சாய்கோடு போட்டுப் பிரிப்பது சுலபம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். அந்தக் குறி, நாம் பெயரிட்டு வைத்திருந்த குரலைத் தொடர்வதில்லை; அந்த இடத்துக்கென்று புதுக் குரல்களைப் பிறப்பிக்கிறது. பழைய குரலோடு கட்டப்பட்ட சொற்கட்டு அங்கே அறுந்துபோகும். முந்தைய ஆவர்த்தனத்தின் கடைசி மாத்திரையில் தொடங்கி அடுத்த சமத்தைத் தாண்டி நீளும் இழுப்புக்குப் போட்ட இணைப்புக்கோடும் எல்லையில் நின்றுவிடும். உறுமியின் உயிரே அந்த இழுப்புதான். ஆகவே ‘இழுப்பு’, ‘அடி’ என்று ஒரே உறுமிக்கு இரண்டு குரல்களை முதலிலேயே அறிவித்துவிடுங்கள். லிலிபாண்ட் தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும். திஸ்ர நடை ஆதி தாளத்துக்கு ஆவர்த்தனத்துக்கு 24 மாத்திரை. ஒவ்வொரு ஆவர்த்தன முடிவிலும் செங்குத்துக் கோடு போட்டால், 23 மாத்திரையில் நின்ற வரியை மென்பொருளே காட்டிக்கொடுக்கும். குரல் தனியாக இருந்தால் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்; மற்ற ஐந்தில் கைவைக்க வேண்டாம்.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘பகுதி’ என்ற சொல்லை வாத்தியத்தின் வரிக்கும் சொல்கிறோம், பாட்டின் துண்டுக்கும் சொல்கிறோம். ஏபிசியில் இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்து இருக்கிறது. நாம் முன்னதைக் குரல் என்றும், பின்னதை, பல்லவி சரணத்துக்குச் சொல்வதுபோல், அங்கம் என்றும் வழங்கலாம். இந்தப் பிரிவு மேளத்துக்கு இன்றியமையாதது. சாமி புறப்பாட்டில் எந்த அங்கம் எத்தனை முறை வரும் என்பதைத் தெருவும் கூட்டமும் தீர்மானிக்கின்றன. அங்கங்களுக்குப் பெயர் கொடுத்து, வாசிக்கும் வரிசையை முகப்பில் தனி வரியாக வைத்தால் குரல்களைத் தொடாமலே வரிசையை மாற்றலாம். எழுதிவைத்தால் மேளம் இறுகிவிடும் என்பவர்களுக்கு இதுதான் நம் பதில்.

பின்னி எழுதினால் எல்லாக் குரலும் ஒரே பார்வையில் படுமே என்ற வாதத்தில் நியாயம் உண்டு. நாலைந்து ஆவர்த்தனப் பாடத்துக்கு அப்படியே எழுதலாம். அதற்கு மேல் போனால் அந்தப் பார்வையை மென்பொருள் அச்சிட்டுத் தரட்டும். முனகலின் குழைவை எந்தக் குறியும் பிடிக்காது என்பதும் உண்மை. அதற்கு ஒலிப்பதிவு வேண்டும். எங்கே தொடங்கி எங்கே விடுவது என்பதைக் குறி சொல்லும். தாத்தா காலத்தில் காகிதமா வைத்திருந்தார்கள் என்றும் கேட்கலாம். தேவைப்படவில்லை. ஜே. ஏ. ரசல் 1929இல் அந்த மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய தலைமுறையில் உறுமிக்காரரும் பம்பைக்காரரும் ஒரே லயத்து வீடுகளில் இருந்தார்கள். ‘லயம்’ என்ற சொல்லே தாளத்தையும் குடியிருப்பையும் சேர்த்துச் சொன்னது. இன்று அந்த மலையில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களும் கொழுந்து வெட்டுகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். ஒருவர் இறங்கிப் போனால் அவர் குரலும் கூடவே போகிறது. பின்னி எழுதிய தாளில் அந்த இடம் மூடிக்கொள்ளும். தனிக்குரல் கோப்பில் வெறும் பெயராகவேனும் நிற்கும்.

இனி நமக்கு மேளப் பதிவு அனுப்புபவர்கள் தாளத்தையும் நடையையும் தலைப்பில் எழுதி, குரலுக்கு ஒரு கோப்பாக அனுப்புங்கள். கிடைக்காத குரலின் பெயரை அழித்துவிடாதீர்கள். அதைக் காலியாகவே விட்டு அனுப்புங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் கண்ணில் அது படட்டும்.