வேடியப்பன் காலடியில் ஒரு கெண்டி

"இதுக்கு என்னங்க அர்த்தம்?" ஓர் ஓவியத்தின் முன்னாலோ சிற்பத்தின் முன்னாலோ நிற்கும்போது நம்மவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேள்வியில் குற்றமில்லை. யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. செய்த கலைஞனிடம் கேட்டால் பெரும்பாலும் பாதி பதில்தான் கிடைக்கும். அந்தப் பொருளைச் சுற்றி வாழ்கிறவர்களிடம் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. கடத்தூர்ப் பக்கத்துக் கல்லைப் பற்றிச் சொல்ல வந்த நான், சென்னைக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் வரப்போகிறேன். பென்ஷன்காரனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே.சி.எஸ். பணிக்கர் என்ற ஓவியரின் பெயரை நம் வயதுக்காரர்கள் சிலராவது கேள்விப்பட்டிருப்பீர்கள். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பத்துக்காகப் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். நம்ம ஜாதி, குமாஸ்தா ஜாதி! பிறகு அதை உதறிவிட்டுச் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்து, கடைசியில் அதற்கே முதல்வர் ஆனார். 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவரும் அவர்தான். 1963-லிருந்து அவர் வரைந்த வரிசைக்குச் 'சொற்களும் சின்னங்களும்' என்று பெயர். பார்த்தால் ஜாதகக் கட்டம் போல இருக்கும். நடுவில் அல்ஜீப்ரா, வட்டம், முக்கோணம், ஒரு மீன், ஒரு பறவை, ஓரமெல்லாம் பொடிப்பொடியாக மலையாள எழுத்து. ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பார்த்துத்தான் இந்தப் பாணி பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த எழுத்துகள் படித்துப் பொருள் காண்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. மலையாளம் தெரிந்தவர் போய் நின்றால் எழுத்துக் கூட்டிப் பார்த்து ஏமாந்து போவார். தெரியாத நாம் நின்றால், ஏதோ பழைய ஓலையைப் பார்ப்பது போல ஒரு மரியாதை வருகிறது. பொருளைக் கழற்றிவிட்டு அந்த மரியாதையை மட்டும் நிறுத்திவைத்துக் காட்டினார் பணிக்கர். கெட்டிக்காரத்தனம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது கலைஞன் தன் அறையில் தனியாகச் செய்துகொள்ளும் காரியம். ஊர் கூடிச் செய்த சின்னங்களின் கதை வேறு.

இங்கேதான் ஆப்பிரிக்கா வருகிறது. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தமிழில் ஆபீஸ் குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டதே தமிழ்நாடு அரசு வேலைக்கு வந்த பிறகுதான். எங்கள் சரித்திரப் பாடத்தில் தாகோமே ராஜ்யம் ஒரு பத்தி. பிரெஞ்சுப் படை போயிற்று, வென்றது, அவ்வளவுதான். தோற்ற ராஜாவைப் பற்றி அரை வரி. புதுச்சேரியில் நெய்து அவுரி போட்ட நீலத் துணி கப்பல் ஏறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், செனகல் பக்கத்தில் காசுக்குப் பதிலாகப் புழங்கியது என்பதுகூட அந்தப் புத்தகத்தில் இல்லை. அதைப் பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும்.

அந்த அரை வரி ராஜாவின் பெயர் பெஹான்சின். அவருடைய சின்னம் சுறா. ஏன் சுறா? கடற்கரை நாட்டுக்குக் கடல் வழியாக எதிரி வருகிறான். அவன் கரையேறும் அலைவாயில் சுறா நிற்கிறது. நான் இருக்கிறேன், தாண்டிப் பார் என்று பொருள். அவருடைய தந்தை கிலேலேக்குச் சிங்கம், பாட்டன் கேசோவுக்குப் பறவை. மூவருக்கும் பாதி மனிதன் பாதி விலங்காக ஆளுயரத்தில் சிலைகள் உண்டு. 1892-இல் ஜெனரல் தோத்ஸின் படை அபோமே நகரைப் பிடித்தபோது இந்தச் சிலைகளும் பிரான்சுக்குப் போயின. பாரிஸில் ட்ரோகாதெரோ அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அதே அருங்காட்சியகத்துக்கு 1907-இல் போன பிக்காஸோ ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்து அசந்துபோனார். அதன்பின் அவர் கை வரைந்த முகங்களே மாறிவிட்டன. அந்த முகமூடி எந்தச் சடங்குக்கு, எந்த மாதத்தில், யார் போட்டுக்கொள்வது என்பதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. கண்ணாடிப் பெட்டியும் ஒரு எண்ணும்தான் இருந்தன.

1953-இல் அலென் ரெனே, கிரிஸ் மார்க்கர் என்பவர்கள் ஒரு குறும்படம் எடுத்தார்கள். 'சிலைகளும் சாகின்றன' என்று தலைப்பு. கும்பிட ஆள் இல்லாத சிலை செத்துவிடுகிறது, அதை அடுக்கி வைத்த இடத்துக்குத்தான் அருங்காட்சியகம் என்று பெயர் என்கிற தோரணையில் போகும் படம். பிரெஞ்சு அரசாங்கம் பல வருஷம் அதை முழுசாகக் காட்ட விடவில்லை.

2021 நவம்பரில் பிரான்ஸ் 26 பொருள்களைத் திருப்பிக் கொடுத்தது. பறவை, சிங்கம், சுறா மூன்றும் அதில் அடக்கம். இன்று அந்த நாட்டுக்குப் பெனின் என்று பெயர். மத்தி தியோப் என்ற பெண்மணி இதை வைத்து 'தாகோமே' என்று ஒரு படம் எடுத்தார். 2024-இல் பெர்லின் விழாவில் முதல் பரிசு வாங்கிய படம். அதில் கேசோ ராஜாவின் சிலை தன் பாஷையிலேயே பேசுகிறது. எனக்குப் பெயரில்லை, 26 என்ற எண்தான் என்கிறது. ஆயுசு முழுக்க ரிஜிஸ்டருக்கு நம்பர் போட்டவன் நான். அந்த இடத்தில் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அதே படத்தில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் காரசாரமாக விவாதிக்கிறார்கள். போனது ஆயிரக்கணக்கில், வந்தது 26-தானா என்று ஒரு கட்சி. வந்ததைத் திரும்பவும் கண்ணாடிக்குள் வைத்தால் என்ன லாபம், அது சாமியா பொம்மையா என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது கேள்விதான் பிடித்தது. ஏனென்றால் அது நம் தருமபுரி மாவட்டத்துக் கேள்வி.

நம் பக்கத்தில் நடுகல் இல்லாத திசை இல்லை. பட்டாவைப் பார்த்தால் புஞ்சை என்று இருக்கும். பழைய கிரயப் பத்திரத்தில் சக்குபந்தியைப் பார்த்தால் 'வேடியப்பன் கல்லுக்கு மேற்கு' என்று இருக்கும். பத்திரம் எழுதியவருக்கு அது எல்லைக் கல். பூசை செய்கிற குடும்பத்துக்குக் குலசாமி. 1970-களில் இரா. நாகசாமி காலத்துத் தொல்லியல் துறையினர் செங்கம், தருமபுரிப் பக்கமெல்லாம் அலைந்து படியெடுத்த பிறகுதான், அவை பல்லவர் காலம் தொட்டு மாடு மீட்டுச் செத்த வீரர்களின் கல் என்பது வெளியுலகத்துக்குத் தெரிந்தது. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் உண்டு. கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டிவைத்திருக்கிறார்கள். திருடர் இருவரைக் கடித்து எஜமானைக் காத்து நின்ற நாய். ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரு நாயின் பெயர் நிற்கிறது.

கல்லைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் அது ஒரு படப் பத்திரம். இடது கையில் வில், வலது கையில் குத்துவாள். நெஞ்சில் தைத்த அம்பு, எதிரியை நேருக்கு நேர் பார்த்துச் செத்தான் என்பதற்குச் சாட்சி. புலி இருந்தால் புலி குத்திச் செத்தவன். மாடு இருந்தால் தொறு மீட்கப் போனவன். பிற்காலத்துக் கல்லில் இரண்டு பெண்கள் அவனைத் தோள் பிடித்து மேலே கூட்டிப்போவார்கள், அது வீரசொர்க்கம். சூரியனும் சந்திரனும் செதுக்கியிருந்தால், அவை உள்ளவரை இவன் பெயர் இருக்கட்டும் என்று ஊர் கொடுத்த வாக்கு. உடன்கட்டை ஏறிய பெண்ணின் கல்லில் வளையலோடு ஒரு கை உயர்ந்து நிற்கும். அந்த வளையலைப் பற்றி எனக்கு நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பல கற்களில் வீரனின் காலருகே சின்னதாக ஒரு மூக்கு வைத்த பாத்திரம் இருக்கும், கெண்டி. பக்கத்தில் ஒரு சிமிழ். இந்தக் கெண்டிக்கு விளக்கம் வேண்டுமென்றால் எங்கும் போக வேண்டாம். தகடூர் அதியமான் செத்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 232-ஆம் பாட்டு. நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள்ளை வார்க்கிறார்களே, நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று அந்தக் கிழவி அழுகிறாள். தகடூர் என்பது நம் தருமபுரிதான். கல்லில் இருக்கும் கெண்டி அந்தக் கலம்தான் என்று நான் நினைக்கிறேன்.

கடத்தூர்ப் பக்கத்து நிலம் ஒன்றில் இருக்கும் கல்லுக்கு விளக்கு வைக்கிற பாட்டியிடம் இந்தக் கெண்டியைக் காட்டி என்னம்மா இது என்று கேட்டேன். "அது பால் சொம்புங்க. சாமிக்கு நாங்க பால்தானுங்க ஊத்தறோம்" என்றார். ஔவை கள் என்றாள், பாட்டி பால் என்கிறார். எது சரி? ஆராய்ச்சியாளர் கள் என்பார். என்னைக் கேட்டால் இரண்டும் சரி. கலம் இன்னும் கலமாகவே இருக்கிறது, இறந்தவனுக்கு இன்னும் ஊற்றுகிறார்கள். உள்ளே இருப்பதுதான் மாறியிருக்கிறது. இந்தப் பதிலைச் செதுக்கிய தச்சனே எழுந்து வந்தாலும் சொல்ல முடியாது. கூட நின்ற பேரனைக் கேட்டேன். "அது டிசைன் தாத்தா" என்றான்.

எனக்குக் கவலை இந்த டிசைனில்தான். வட்டெழுத்து ஏற்கெனவே நமக்குப் பணிக்கரின் மலையாளம் ஆகிவிட்டது. பார்க்கிறோம், கும்பிடுகிறோம், படிக்க முடிவதில்லை. இப்போது படமும் அந்த வழியில் போகிறது. பணம் சேர்ந்த குடும்பங்கள் கல்லைச் சுற்றி டைல்ஸ் ஒட்டுகின்றன. கல்லின் கீழ்ப்பாதி சிமெண்டுக்குள் போய்விடுகிறது. மேல்பாதிக்கு எனாமல் பெயிண்ட், பெரிய மீசை. அம்பு தைத்த இடம் மூடிப்போகிறது. பக்தியில் குறையில்லை, ஆனால் இது கேசோ சிலைக்கு எண் கொடுத்ததற்குக் கொஞ்சமும் சளைத்த காரியமில்லை.

அதற்காக எல்லாக் கல்லையும் பெயர்த்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பச் சொல்பவர்களோடும் நான் சேரமாட்டேன். ரோடு அகலப்படுத்தும்போது தப்பிக்க வழியில்லாத கல், ஆதரவில்லாமல் ஏரிக்கரையில் குப்புறக் கிடக்கும் கல், இவை போகட்டும். பாட்டி பால் ஊற்றுகிற கல் அங்கேயே இருக்கட்டும். வண்ணமும் சிமெண்டும் வேண்டாம், எண்ணெயும் மஞ்சளும் போதும் என்று பங்காளிகள் கூடும்போது பெரியவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். நம் பேச்சுக்கு இன்னும் அந்த அளவு மதிப்பு மிச்சமிருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் நிலபுலத்தில் இப்படிக் கல் வைத்திருப்பவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எந்த வகையறா பூசை செய்கிறது, எந்தக் கிழமை, என்ன படையல், கல்லில் என்னென்ன தெரிகிறது, ஒவ்வொன்றையும் வீட்டுப் பெரியவர்கள் என்னவென்று சொன்னார்கள் என்று எழுதுங்கள். சர்வே நம்பரையும் குறியுங்கள், வழக்கம் விடவில்லை எனக்கு. பாட்டி சொன்னதை நான் தேதி போட்டு எழுதி வைத்துவிட்டேன். போன மாசம் அந்தக் கல்லுக்கும் மேடை கட்டியிருக்கிறார்கள். கெண்டியின் மூக்கு மட்டும் சிமெண்டுக்கு மேலே ஒரு விரற்கடை தெரிகிறது.